ஓடையும் மடையும்

கண்டியிலிருந்து குண்டசாலை, பல்லேகலை வழியாகக் கிழக்கே மஹியங்கனை நோக்கிச் செல்லும் வீதியில், தும்பறைப் பள்ளத்தாக்கிலே அமைந்துள்ள சிறு நகரம் திகன. மகாவலியை மறித்தெழுந்த விக்டோரியா அணைக்கட்டை 1985 ஏப்ரலில் பிரித்தானியப் பிரதமர் மார்கிரட் தாட்சர் திறந்துவைத்தார். பழைய தெல்தெனிய நகரம் நீருள் மறைந்தது. அணைக்கட்டின் நிழலில் வளர்ந்த ஊர்களுள் திகனயும் ஒன்று. ஆயினும் நாட்டின் பிற பகுதியினர் இவ்வூரின் பெயரைப் பரவலாக அறிந்தது 2018 மார்ச் மாதத்திலேதான்.

அவ்வாண்டு பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியவில் வீதித் தகராறு ஒன்றிலே சிங்கள லொறிச் சாரதி ஒருவர் தாக்கப்பட்டார். தாக்கியோர் முஸ்லிம் இளைஞர் சிலர். சாரதி மார்ச் 3ஆம் திகதி உயிர்நீத்தார். மார்ச் 5ஆம் திகதி திகனயிலும் சுற்றுப்புறத்திலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தீக்கிரையாயின. எரிந்த கட்டடமொன்றினுள் முஸ்லிம் இளைஞர் ஒருவரின் சடலம் மறுநாள் கண்டெடுக்கப்பட்டது. மார்ச் 6ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. அதன் பின்னரும் கலவரம் அடங்காது அம்பதென்ன, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை என்று பரவியது. 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியவற்றைத் தடைசெய்தது.

இந்நிகழ்ச்சிகளின் அரசியற் காரணங்களைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். சிறு வணிகத்தில் எழுந்த போட்டி, வேலையற்ற இளைஞரின் ஆற்றாமை, அவ்வாற்றாமையை இனவாதமாகத் திருப்பிவிட்ட அமைப்புகள், கைகட்டி நின்ற காவற்றுறை ஆகியன எல்லாம் ஆராய்வுக்குரியனவே. நாம் இங்கு எடுத்துக்கொள்வது அவற்றுள் ஒரே ஓர் இழையை மட்டும். இணையத்தில் புதிதாக வெளிவருவதை மக்கள் எவ்வழியாக அறிந்துகொள்கின்றனர், அவ்வழியை யார் அமைத்தார், யார் மாற்றினார் என்பதே அது. தொழில்நுட்பக்காரரின் விவகாரம் என்று எம்மிற் பலர் இதனைத் தள்ளிவிடுகிறோம். அவ்வாறு தள்ளிவிட்டமைக்குக் கொடுத்த விலையைத் திகன வீதியிலே கண்டோம் என்பது எமது கருத்து.

மலைநாட்டின் வரலாற்றை நோக்குமிடத்து, செய்தியின் வாயிலில் எக்காலத்தும் ஒருவன் நின்றிருக்கிறான். கண்டி மன்னர் காலத்தில் அரச கட்டளைகள் 'அண பெர' என்னும் முரசறைந்து கிராமங்களுக்கு அறிவிக்கப்பட்டன. கேட்பதன்றிக் கேள்வி கேட்க அங்கே இடமில்லை. ஆங்கிலேயர் 1802 மார்ச் 15ஆம் திகதி அரசாங்க வர்த்தமானியின் முதல் இதழை வெளியிட்டனர். முரசு அச்சாயிற்று. ஆனால் அதைப் பெற்றுப் படித்து விளங்கிக்கொள்ள வல்லவர் எத்தனை பேர்? தோட்டங்களில் நிலைமை இன்னும் மோசம். அதிகாலையில் தப்போசை கேட்டுப் பெரட்டுக்கு ஓடிய தொழிலாளிக்குத் துரையின் சொல்லும் கங்காணியின் சொல்லுமே உலகச் செய்தி. வெளியார் தோட்டத்துள் காலடி வைத்தால் அத்துமீறல் என்று வழக்கு. அக்காலத்தில்தான் தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் துணி வியாபாரியின் வேடத்தில் தோட்டங்களுள் நுழைந்தார். 1924இல் அவர் தொடங்கிய 'தேசபக்தன்' தொழிலாளியின் குறையைத் தொழிலாளியின் மொழியிலேயே அச்சேற்றியது. துரையின் அனுமதியின்றி லயத்துக்குள் ஒரு செய்தி வந்தது என்பதே அன்று ஒரு போராட்டம்.

செய்திக்கு மறுபக்கமும் உண்டு. 1915 மே மாத இறுதியில், வெசாக் இரவில், கண்டிக் காசல்ஹில் வீதியில் பள்ளிவாசலுக்கு முன்னால் ஏற்பட்ட தகராறு சில நாட்களில் பல மாகாணங்களுக்குப் பரவியது. அன்று பேஸ்புக் இல்லை. வதந்தி இரயிலேறிச் சென்றது. புகையிரதப் பாதை செல்லும் ஊர்களில் கலவரம் முந்தி எழுந்தது என்பதையும், கொழும்பிலே மருதானைப் புகையிரதத் தொழிற்சாலை ஊழியரின் பெயர் அதில் அடிபட்டது என்பதையும் வரலாற்று மாணவர் அறிவர். ஆங்கில அரசு ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டத்தைக் கொணர்ந்தது. அநகாரிக தர்மபாலரின் 'சிங்கள பௌத்தயா' பத்திரிகை நிறுத்தப்பட்டது. 103 ஆண்டுகளின் பின்னர் அதே கண்டி மாவட்டத்தில், அதே சமூகத்தவர்மீது, அதே வேகத்தில் தீ பரவியது. அரசு கண்ட மருந்தும் ஏறக்குறைய அதே மருந்துதான். எனவே வதந்திக்குக் கணினி வேண்டும் என்று எவரும் கருதவேண்டியதில்லை. ஆனால் இரயில் வதந்தியைச் சுமந்ததேயன்றி, எந்த வதந்தியை முதல் வகுப்பில் ஏற்றுவது என்று தானே தெரிவு செய்யவில்லை. 2018இல் அத்தெரிவு நடந்தது. அது எங்ஙனம் நேர்ந்தது என்பதை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

1999 மார்ச்சில் அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருவர் ஒரு எளிய ஏற்பாட்டை உருவாக்கினர். ஒருவர் டான் லிபி. மற்றவர் இராமநாதன் குகா. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பொறியியல் பயின்றவர். ஆர்எஸ்எஸ் என்னும் பெயரால் அறியப்படும் அவ்வேற்பாட்டைத் தமிழ் வலைப்பதிவர் பின்னாளில் 'செய்தியோடை' என அழைத்தனர். அழகிய சொல்.

அதன் இயக்கத்தை விளக்குவது கடினமன்று. ஒரு இணையத்தளம் தன் பக்கங்களோடு ஒரு சிறு பட்டியலையும் வைத்திருக்கும். புதிதாக எது வெளியானாலும் அதன் தலைப்பு, முகவரி, திகதி, சுருக்கம் என்பன அப்பட்டியலிற் சேரும். வாசகனிடம் ஒரு வாசிப்பான் இருக்கும். அது, வாசகன் குறித்துக் கொடுத்த தளங்களின் பட்டியல்களை மட்டும் இடையிடையே சென்று பார்த்து, புதியவற்றைக் கொணர்ந்து, கால வரிசையில் அடுக்கி வைக்கும். பத்துத் தளங்களைத் தினமும் திறந்து பார்க்கும் வேலை ஒரு பக்கத்தைப் பார்க்கும் வேலையாகச் சுருங்கிவிடும். இதிலே கவனிக்க வேண்டியது யாதெனில், இடையில் எவரும் இல்லை. வாசகனின் பெயரோ மின்னஞ்சல் முகவரியோ தளத்துக்குத் தெரியவேண்டியதில்லை. வேண்டாமென்றால் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். எவரிடமும் விடைபெற வேண்டியதில்லை. எது மேலே வரவேண்டும் என்பதைக் கடிகாரம் தீர்மானிக்கிறதேயன்றி, இலாப நோக்குள்ள ஒருவன் தீர்மானிப்பதில்லை.

இந்த ஏற்பாடு எந்த முதலாளிக்கும் சொந்தமாக இருக்கவில்லை. நெட்ஸ்கேப் இதனைக் கைவிட்டபோது பிறர் எடுத்து வளர்த்தனர். 2000ஆம் ஆண்டு வெளியான ஒரு வடிவத்தை ஆக்கிய குழுவில் ஏரன் சுவார்ட்ஸ் என்னும் 14 வயதுச் சிறுவனும் இருந்தான். அறிவு பொதுச்சொத்து என்று போராடி, வழக்கினால் நெருக்குண்டு, 2013 ஜனவரியில் தன் உயிரை மாய்த்துக்கொண்ட அதே ஏரன் சுவார்ட்ஸ்தான். 2002இல் டேவ் வைனர் வெளியிட்ட இரண்டாம் வடிவமே இன்றும் பெருவழக்கிலுள்ளது. ஓடை இல்லாத இடங்களுக்கு மின்னஞ்சல் அறிவித்தல் துணைவந்தது. ஒரு சொல்லையோ ஊர்ப்பெயரையோ பதிந்து வைத்தால், அது இணையத்தில் புதிதாக எங்கே தோன்றினாலும் மின்னஞ்சல் அனுப்பும் கூகுளின் சேவை 2003இல் ஆரம்பமாயிற்று. உடனுக்குடனோ, நாளுக்கொரு முறையோ, கிழமைக்கொரு முறையோ வேண்டும் என்பதை வாசகனே முடிவு செய்யலாம்.

தமிழர் இதில் பின்தங்கியிருக்கவில்லை. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய 'தமிழ்மணம்' செய்தியோடைகளின் துணைகொண்டே இயங்கிய ஒரு திரட்டி. யாழ்ப்பாணத்திலும் கோயம்புத்தூரிலும் ரொறன்ரோவிலும் எழுதியவர்களின் பதிவுகள், எழுதிய சிறிது நேரத்தில் ஒரே பக்கத்தில் வரிசையாக வந்து நின்றன. பெரும் பத்திரிகைகளின் தயவின்றித் தமிழிலே இத்தனை குரல்கள் ஒருங்கே ஒலித்தது அதற்குமுன் நிகழாத ஒன்று. ஈழப் போரின் இறுதி ஆண்டுகளில் அப்பக்கத்தில் நடந்த வாதங்களை இப்போதும் நினைவுகூர்வோர் உளர். ஆனால் அங்கேயும் காலப்போக்கில் வாக்குப் பட்டையும் 'சூடான இடுகைகள்' என்னும் பட்டியலும் புகுந்தன. சூடு மேலே வந்தது. தலைப்பில் ஒரு வசவு இருந்தால் வாசகர் கூடினர். எம்மவர் கையிலும் மடை மடைதான் போலும்.

மடை என்று நாம் குறிப்பது இதனையே. ஓடை தானாகப் பாயும். மடையை ஒருவன் திறக்கவும் அடைக்கவும் வேண்டும். 2006 செப்டெம்பரில் பேஸ்புக் நிறுவனம் தன் பாவனையாளர்களுக்கு ஒரு 'செய்தி ஊட்டத்தை' அறிமுகம் செய்தபோது, அது பெயரளவில் ஓடையை ஒத்திருந்தது. இயல்பு வேறு. எவருடைய எந்தச் சொல் எவருக்கு முன்னால் தோன்றவேண்டும் என்பதைப் படிப்படியாக நிறுவனத்தின் அல்காரிதம் எனப்படும் கணிப்பு விதிகள் கைப்பற்றின. 2009இல் விருப்பக் குறி வந்தது. எதற்கு அதிகம் பேர் கிளர்ந்தெழுவரோ அது மேலே வரும். மேலே வருவதால் இன்னும் அதிகம் பேர் கிளர்ந்தெழுவர். வாசகன் அப்பக்கத்திலே எவ்வளவு நேரம் தங்குகிறானோ அவ்வளவுக்கு விளம்பரம் விற்பனையாகும். இங்கே வாசகன் வாடிக்கையாளனல்லன், விற்பனைப் பண்டம்.

திறந்த ஓடைக்கு இந்தச் சந்தையிலே இடமில்லாமற் போனது வியப்பன்று. பெருந்தொகையானோர் பயன்படுத்திய கூகுளின் ஓடை வாசிப்பான் 2005இல் தொடங்கி 2013 ஜூலை 1ஆம் திகதி மூடப்பட்டது. பாவனை குறைந்துவிட்டது என்று காரணம் சொன்னார்கள். ட்விட்டரும் பேஸ்புக்கும் தாம் வழங்கிவந்த ஓடைகளை நிறுத்திக்கொண்டன. ஓடை இறந்துவிட்டது என்று அப்போது பலர் இரங்கற்பா பாடினர். அது உண்மையன்று. இன்று ஒலிபரப்பாகும் பொட்காஸ்ட் நிகழ்ச்சிகள் பெரும்பாலானவற்றுக்கு அடியில் அந்த ஓடையே ஓடுகிறது. இறந்தது ஓடையன்று, ஓடையை நாடிச் செல்லும் வாசகனின் பழக்கம்.

இனி இலங்கைக்கு வருவோம். இங்கே ஒரு செய்தியைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். திகனயைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இதனைக் குறிப்பிடுவதில்லை. 2017 ஒக்டோபரில் பேஸ்புக் நிறுவனம் ஒரு பரிசோதனையைத் தொடங்கியது. அதற்குத் தெரிந்தெடுக்கப்பட்ட நாடுகள் ஆறு: பொலிவியா, கம்போடியா, குவாத்தமாலா, சேர்பியா, ஸ்லோவாக்கியா, இலங்கை. பத்திரிகைகள், தொண்டு நிறுவனங்கள் போன்றவற்றின் பக்கங்களில் வெளியாகும் செய்திகள், பணம் கொடுத்தாலன்றி, இந்நாட்டு மக்களின் பிரதான ஊட்டத்திலிருந்து அகற்றப்பட்டு ஒதுக்குப்புறமான வேறொரு பகுதியில் வைக்கப்பட்டன. பிரதான ஊட்டத்தில் நண்பரும் உறவினரும் பகிர்ந்தவையே எஞ்சின. எந்த நாட்டு மக்களிடமும் அனுமதி கேட்கப்படவில்லை. ஸ்லோவாக்கியாவிலும் குவாத்தமாலாவிலும் பத்திரிகையாளர் கூக்குரலிட்டனர். தம் வாசகர் தொகை ஒரே நாளிற் சரிந்ததைக் காட்டினர். 2018 மார்ச் 1ஆம் திகதி பரிசோதனை கைவிடப்பட்டதாக நிறுவனம் அறிவித்தது. திகன எரிந்தது மார்ச் 5ஆம் திகதி.

இப்பரிசோதனையே கலவரத்தை விளைவித்தது என்று நாம் சொல்லவரவில்லை. அவ்வாறு சொல்வது வரலாற்றை மலினப்படுத்துவதாகும். கல்லெறிந்தவன் கையை மறைப்பதுமாகும். கண்டியிலே கூட்டத்தைத் திரட்டியவை அமைப்புகள். 'மஹசொன் பலகாய' என்னும் அமைப்பின் தலைவர் அவ்வாரமே கைது செய்யப்பட்டார். ஆனால் நான்கு மாதங்களுக்கு மேலாக ஒரு நாட்டின் செய்தியாளர் குரல் ஒதுக்கப்பட்டு, சரிபார்க்கப்படாத பேச்சே கண்முன் நிறுத்தப்பட்டிருந்தது என்பதும் உண்மை. பெப்ரவரி 26ஆம் திகதி அம்பாறையில் முஸ்லிம் உணவகம் ஒன்றிலே கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டது என்ற பொய் எத்தகைய மறுப்பும் எட்டாத வேகத்தில் ஓடியது இந்தச் சூழ்நிலையிலேயே. பகைமைப் பேச்சுப் பற்றி இலங்கையின் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வை வெளியிட்டு எச்சரித்திருந்தது. சிங்களத்தில் எழுதப்படுவதைப் படித்து நீக்கப் போதிய ஆட்கள் நிறுவனத்திடம் இருக்கவில்லை. ஒரு நாட்டிலே வணிகம் செய்ய அந்நாட்டு மொழி தேவையில்லை என்று கருதும் துணிவு எமக்குப் புதிதன்று. தோட்டத் துரைமாராவது 'கூலித் தமிழ்' என்ற பெயரிற் கொஞ்சம் கற்றுக்கொண்டனர். 2020 மே மாதத்தில், இரண்டு ஆண்டுகளின் பின்னர், அந்நிறுவனம் இலங்கை நிகழ்ச்சிகளில் தன் தளத்தின் பங்கு குறித்து மன்னிப்புக் கோரியது.

வேறொன்றையும் கவனித்தல் வேண்டும். நகரத்து மத்தியதர வர்க்கத்தினருக்கு இணையம் என்றால் இணையம். கூலிக்கு உழைப்பவனுக்கோ அவ்வாறன்று. தொலைபேசி நிறுவனங்கள் மலிவாக விற்கும் 'சமூக ஊடகப் பொதி' அவனுக்குப் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் தருகிறது. மற்ற வாயில்களுக்கு மேலதிகப் பணம் வேண்டும். இந்தியாவில் இத்தகைய பாகுபாடான கட்டணத்தை 2016 பெப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தடை செய்தது. மக்கள் இயக்கத்தின் வெற்றி அது. இங்கே அது பற்றிய பேச்சே பெரிதாக எழவில்லை. ஆகவே ஏழை ஒருவன் தான் கேட்ட வதந்தியைச் சரிபார்க்க வேண்டுமாயின், பொய்யை இலவசமாகவும் மெய்யைப் பணம் கொடுத்தும் பெறவேண்டியவனாகிறான்.

அரசின் தடை இதற்குப் பரிகாரமாகுமா? மார்ச் 15ஆம் திகதி தடை நீங்கியது. இடைப்பட்ட நாட்களில் விபிஎன் என்னும் குறுக்குவழியை அறிந்தவர்கள் வழமைபோல் உள்ளே சென்றனர்; அறியாதவர்கள், கண்டியில் உள்ள தம் பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்று விசாரிக்கவும் வழியின்றி நின்றனர். 2019 ஏப்ரல் 21ஆம் திகதிக் குண்டுவெடிப்புகளின் பின்னர் இதே மருந்து மீண்டும் கொடுக்கப்பட்டது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி கொடுக்கப்பட்டபோது நோக்கம் வெளிப்படை: வீதிக்கு இறங்கிய மக்கள் ஒருவரையொருவர் அழைப்பதைத் தடுப்பது. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறியது. மடைகாரன் மாறினான், மடை வாசகனுக்கு உரியதாகவில்லை.

இவ்விரண்டு மடைகளுக்கும் வெளியே ஒரு வழி உண்டு என்பதையே நாம் மாணவருக்குக் காட்டவேண்டியுள்ளது. வாசிப்பான் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு சிங்களப் பத்திரிகை, ஒரு தமிழ்ப் பத்திரிகை, ஓர் ஆங்கிலப் பத்திரிகை, ஒரு வெளிநாட்டுச் செய்தித் தளம் என்று நான்கு ஓடைகளைச் சேர்த்து வைத்த மாணவன், ஒரே நிகழ்ச்சியை நான்கு பேரும் எவ்வாறு சொல்கின்றனர் என்பதை ஒரே பக்கத்தில் காண்பான். எமது வகுப்பில் இதைச் செய்தபோது மாணவருக்கு முதலில் ஏற்பட்டது ஏமாற்றமே. படமில்லை, சிரிப்பில்லை, புதிது வந்து தீர்ந்ததும் பக்கமும் தீர்ந்துவிடுகிறது. தீர்ந்துவிடும் செய்தியை அவர்கள் அதுவரை கண்டதில்லை.

குறைகளும் உள. எல்லாத் தளங்களும் ஓடை தருவதில்லை. மின்னஞ்சல் அறிவித்தலை அளவுக்கு மிஞ்சிப் பதிந்துகொண்டால் அஞ்சற்பெட்டி குப்பைமேடாகும். இது ஆசிரியர்களாகிய நாமும் பட்டு அறிந்தது. பொய்த்தளம் ஒன்றின் ஓடையைத் தெரிந்தெடுத்தவனுக்குப் பொய்தான் ஒழுங்காக வந்து சேரும். தெரிவு செய்யும் அறிவை எந்தப் பொறியும் தராது.

அரசாங்கத்தின் பொறுப்பும் இதில் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. கேட்டால் கொடுக்க வேண்டும் என்பதோடு, கேளாமலே வெளியிட வேண்டிய தகவல்களையும் அது வகுக்கிறது. வெளியிடுதல் என்றால் எங்கோ ஒரு மூலையிற் போட்டுவைப்பதா? மலைச்சரிவில் வாழ்வோருக்கு இது ஏட்டுப் பிரச்சினையன்று. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது, நிலநடுக்கத்தைக் கருவிகள் கண்டறிந்திருந்தும் எமது கரையோர மக்களுக்கு அறிவிக்க வழியிருக்கவில்லை. அதே ஆண்டில்தான் அனர்த்த எச்சரிக்கைகளுக்கென ஒரு பொது வடிவம் உலக அளவில் வகுக்கப்பட்டது. அமைப்பில் அது செய்தியோடையின் உறவினமே. ஓரிடத்தில் ஒருமுறை எழுதப்பட்ட எச்சரிக்கை வானொலிக்கும் தொலைபேசிக்கும் ஒலிபெருக்கிக்கும் தானாகச் செல்லவேண்டும் என்பது அதன் நோக்கம். சர்வோதய இயக்கமும் லேர்ன்ஏசியா நிறுவனமும் அடுத்துவந்த ஆண்டுகளில் இந்நாட்டுக் கிராமங்களிலேயே அதனைப் பரீட்சித்துப் பார்த்தன.

இருபது ஆண்டுகள் கழிந்தன. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி வந்து, கண்டி மாவட்டத்தின் மலைகள் சரிந்து வீடுகளை மூடின. எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு அப்போது பரவலாக எழுந்தது. தமிழும் அரச கரும மொழியென அரசியலமைப்பிலே 1987இல் எழுதப்பட்டதாயிற்று. எழுதியதற்கும் வந்து சேர்வதற்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பதற்கு அந்த மூன்று நாட்கள் போதும்.

இப்போது எமது மாணவர் சேர்த்துவைத்துள்ள பட்டியலில் மண்சரிவு அறிவித்தல்களும் காலநிலை அறிவித்தல்களும் உண்டு. மழை தொடங்கினால் காலையில் முதல் வேலையாக அதைத் திறந்து பார்க்கின்றனர். சிங்களத்தில் வந்து தமிழில் வராத நாட்களில், இரண்டு மொழியும் அறிந்த ஒரு மாணவி அதனைத் தமிழில் எழுதி, திகதியும் நேரமும் குறித்து, படிக்கட்டின் அருகிலுள்ள பலகையில் ஒட்டிவிடுகிறாள். லயங்களுக்குத் திரும்பும் பிள்ளைகள் அதனைத் தம் கொப்பிகளிற் பார்த்து எழுதிச் செல்கின்றனர்.